நிற்கும் நேரம்

ஜனவரி 7

அன்புள்ள தம்பி,

நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய தொட்டியில் உள்ள ஏழு மீன்களும் சுகம். நீ, உன் மனைவி, மகள் பொடிசு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேனே! நான் பேசப் பேச உன் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று, "தம்பி, ஒரு ஒட்டகம் வாங்கி மாடியில கட்டியிருக்கேன்" என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ரொம்ப நல்லதுக்கா, உடம்பப் பாத்துக்கோங்க!" என் உடம்பையா, ஒட்டகத்தின் உடம்பையா என்று இன்னும் விளங்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனி உனக்குக் கடிதம்தான். காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யாராலும் 'ம்... ம்...' கொட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பொடிசு ஜூன் இருபதாம் தேதி கால்நடை மருத்துவம் படிக்கக் கிளம்புகிறாள். ஐந்து வருடப் படிப்பு. போகிற ஊரில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்குமாம். அவளுக்கு என் கையால் ஒரு கம்பளிக் கோட் தைத்துத் தர ஆசை. துணிகூட வாங்கிவிட்டேன், சாம்பல் கலந்த நீலம். ஆனால் கடையில் தலைக்கு மேல் வேலை. நீளம் குறைக்க வேண்டிய பேன்ட், ஜிப் போன பை, இடுப்புப் பிடிக்கும் பாவாடை என்று நாற்பத்திரண்டு உருப்படி தொங்குகின்றன. கோட்டைத் தொடக்கூட முடியவில்லை. ஊரில் ஓடும் அத்தனை பஸ்ஸுக்கும் நேரம் போடுகிறவன் நீ. உன் அக்காவுக்கும் ஒரு அட்டவணை போட்டுக் கொடேன். பொடிசின் கை நீளத்தையும் அளந்து அனுப்பு. தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை.

இன்னொன்று. பதினெட்டு வயதானதும் நீயே கார் ஓட்டக் கற்றுத்தருவதாக அவளுடைய பத்து வயதில் கையடித்துச் சொன்னாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எங்க அப்பா பதினோரு வருஷம் பஸ் ஓட்டினவர், அவர்தான் எனக்கு வாத்தியார்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆரம்பித்துவிட்டாயா?

தபால்காரரை எதிர்பார்த்தபடி,
அக்கா

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானையும் மீன்களையும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே மூவரும் நலம். ஒட்டக விஷயத்தை என் மனைவி படித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் ஏதாவது கேட்டால், "முதல்ல ஒட்டகத்துக்குத் தண்ணி வெச்சுட்டு வாங்க" என்கிறாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டதாம்.

உங்கள் அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை கோட் மட்டும். கதவைப் பாதி சாத்தி, 'பதினோரு மணிக்குத் திறக்கும்' என்று எழுதித் தொங்கவிடுங்கள். மனதும் கையும் அப்போதுதான் புதிதாக இருக்கும். முக்கியமானதை மிச்ச நேரத்துக்குத் தள்ளினால் மிச்சம் என்று ஒன்று வரவே வராது. ஜிப்பும் பேன்ட்டும் பிற்பகலில்.

நடுநடுவே பச்சைக் கட்டங்கள் இருக்கின்றன, பாருங்கள். அவை நிற்கும் நேரம். ஒவ்வொரு பஸ்ஸும் கடைசி நிறுத்தம் போய்ச் சேர்ந்ததும் ஏழு நிமிடம் சும்மா நிற்கும். வீண் என்று மேலே இருப்பவர்கள் வெட்டச் சொல்வார்கள், நான் விடமாட்டேன். அந்த ஏழு நிமிடம் இல்லாவிட்டால் காலையில் ஒரு சிக்னலில் போன இரண்டு நிமிடம் மாலைக்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால் பச்சைக் கட்டத்தில் ஊசியைத் தொடாதீர்கள்.

கை நீளம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.

ஜூன் முதல் தேதியிலிருந்து எல்லா வழித்தடங்களுக்கும் புது நேரம் வருகிறது. ஆயிரத்து இருநூறு நடை, மொத்தப் பொறுப்பும் என் தலையில். சரியாக முடிந்தால் பிரிவுத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று மேலாளர் ஜாடையாகச் சொன்னார். அதனால்தான் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது?

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி,

தோள்வலி இருக்கிறது, போகமாட்டேன் என்கிறது. மற்றபடி எல்லாம் சௌகரியம்.

உன் அட்டவணையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் மூன்று நாள் படுதோல்வி. பச்சைக் கட்டத்தில் சும்மாதானே இருக்கிறோம், ஒரு ஜிப்பை மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன். ஜிப் மக்கர் செய்தது. அது அடுத்த கட்டத்தைத் தின்றது, அந்தக் கட்டம் அதற்கடுத்ததைத் தின்றது. மதியம் சாப்பிட்டபோது மணி நாலு. நான்காம் நாள் கையைக் கட்டிக்கொண்டு அத்தானோடு மீன் பார்த்தேன். அன்று கோட்டை வெட்டி முடித்தேன்!

பக்கத்துக் கடைப் பல் டாக்டர்தான் பெரிய பிரச்சினையாக இருந்தார். நோயாளி இல்லாதபோதெல்லாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். "டாக்டர், பதினோரு மணிக்கு மேல வாங்க, நிம்மதியாப் பேசலாம்" என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது சரியாகப் பச்சைக் கட்டத்தில் வருகிறார். சேர்த்து வைத்துச் சொல்வதால் கதைகளும் முன்பைவிட நன்றாக இருக்கின்றன. போனைப் பட்டன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய், ஒட்டகத்துக்குக்கூட. ஒரே ஒரு கேள்வியை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விட்டாய். எது என்று உனக்குத் தெரியும். அக்காவுக்கு இவ்வளவு அழகாக அட்டவணை போட்டவன் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன? போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். அனைவரும் நலம். தோளுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள் என் மனைவி.

கார் விஷயம். ஜூன் ஒன்றோடு என் வேலை முடிகிறது. அவள் கிளம்புவது இருபதாம் தேதி. நடுவில் பதினெட்டு நாள் முழுக்க அவளுக்குத்தான். பதினெட்டு நாள் தாராளம். அவளிடமும் சொல்லிவிட்டேன், "சரிப்பா" என்றாள்.

நீங்கள் கேட்ட என் அட்டவணை இத்துடன் இருக்கிறது. ஒரு பிரதியை ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். ஒத்தடம் கேட்டது, உன் மனைவிக்கு நன்றி சொல்.

உன் அட்டவணையை நானும் அத்தானும் இரண்டு தடவை படித்தோம். காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை அப்பழுக்கு இல்லை. '7.25 முதல் 7.40 வரை: மின்னஞ்சல். 7.40 முதல் 8.00 வரை: பெண். 8.00: கிளம்புதல்.' அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பெண்ணுன்னா யாரு, புது கிளார்க்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு உன் தாளில் நிற்கும் நேரத்தைத் தேடினேன். ஒரு கட்டம்கூட இல்லை. பஸ்ஸுக்கு ஏழு நிமிடத்துக்காக மேலாளரோடு மல்லுக்கு நிற்கிறவன் நீ. உனக்கு ஏன் ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை? அந்த இருபது நிமிடத்தில் அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்து, அது 8.02க்குத்தான் முடியும் என்றால் என்ன செய்வாய்?

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. இருந்தாலும் அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

அக்கா

மார்ச் 28

அன்பான அத்தைக்கு,

பொடிசு எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நன்றாக இருப்பீர்கள் என்று தெரியும், மாமாவின் கறுப்பு மீன் எப்படி இருக்கிறது? அதற்கு வால் அழுகல் என்றீர்களே, தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். இது என் முதல் மருத்துவ ஆலோசனை.

முதலில் ஒரு அவசரச் செய்தி. அப்பா உங்களுக்கு எழுதிய கை நீளம் தப்பு. அவர் என்னை அளக்கவே இல்லை. நீங்கள் முன்பு தைத்த பள்ளிக்கூடச் சட்டையின் அளவு அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அது என் பதினான்கு வயதுக் கை. இப்போது ஐம்பத்தெட்டு. அம்மா அளந்தார்கள்.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எனக்கும் இடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 7.40 ஆனதும் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்து, "ம், சொல்லு" என்பார். அப்படிக் கேட்டால் என்ன சொல்வது அத்தை? சொல்ல நினைத்ததெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். 7.50க்குப் போன் துடிக்கும். எடுக்கமாட்டார், ஆனால் அவர் கண் அதன்மேல்தான் இருக்கும். "எடுங்கப்பா, பரவாயில்ல" என்று நானே சொல்லிவிடுவேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். மே முப்பதில் டெஸ்ட். படிப்பில் பண்ணை பண்ணையாகப் போக வேண்டியிருக்கும், லைசென்ஸ் இல்லாமல் போகக் கூடாது. அப்பாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் குற்ற உணர்ச்சியில் அந்தத் தாளில் இன்னொரு கட்டம் போடுவார், அவ்வளவுதான். கோபம் எல்லாம் இல்லை. ஆனால் முதல் நாள் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்ததும், அந்த இடத்தில் அப்பா இல்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

முத்தங்களுடன்,
பொடிசு

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கறுப்பு மீன்கூடத் தேறிவிட்டது.

கோட்டுக்குக் கை ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஐம்பத்திரண்டு என்று எழுதினாய். வெட்டும்போதே மனதில் ஏதோ உறுத்தி, மூன்று விரல் அகலத்துக்கு மேலேயே மடிப்புக்குத் துணி விட்டிருந்தேன். அதனால் தப்பித்தேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும், சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீயாக அவளிடம் கேள். 7.40க்குக் கேட்காதே.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மறந்துவிட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போது மேலே வந்து இந்த வரியைச் சேர்க்கிறேன்: நலமா?

உங்கள் கடிதம் வந்தும் அவளிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை புது நேரத்தில் பஸ்களை ஓட்டிச் சோதித்துப் பார்த்தோம். நான் தபால் நிலையத்துக்கு எதிர் நிறுத்தத்தில் அட்டையும் தாளுமாக நின்றேன். தாளில் நான்கு பத்தி: நேரம், வண்டி, தாமதம், காரணம்.

பதினாலாம் நம்பர் பஸ் 10.16க்கு வர வேண்டும். வரவில்லை. சிக்னலில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் நின்றுவிட்டது, பஸ் அதன் பின்னால் மாட்டிக்கொண்டது. கார் கிளம்பியது, குலுங்கியது, மறுபடி நின்றது. மூன்று தடவை. எனக்கு ரத்தம் கொதித்தது. கார் நம்பரைக் குறித்துக்கொண்டேன். தாமதம் நான்கு நிமிடம் பத்து வினாடி என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'கார் பழகுபவரின் கவனக்குறைவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அப்புறம் அந்தக் கார் மெதுவாக என் முன்னால் வந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை உடும்பாகப் பிடித்துக்கொண்டு, பொடிசு. என்னைப் பார்க்கவில்லை. பார்வை நேராக ரோட்டில் இருந்தது, நான் எப்போதும் சொல்வேனே, அப்படி.

நான்கு நிமிடம் பத்து வினாடி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் அக்கா. ஓட்டுவது யார் என்று பார்க்கவில்லை. கையில் இருந்த தாளில் கவனக்குறைவு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

தாளை, கூட வந்திருந்த என் ஆபீஸ் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பதினோரு மணிக்கு என்னை வீட்டில் பார்த்ததும் என் மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொடிசு வந்ததும், "இன்னிக்கு சிக்னல்ல எத்தன தடவ நின்னுச்சு?" என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மூணு தடவ. உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

தாளில் எழுதியதைச் சொன்னேன், அடிக்கோடு உட்பட. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "உங்க பஸ்ஸ லேட் பண்ணிட்டேனாப்பா?" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளட்ச எப்படி விடற?" என்று கேட்டேன். "சட்டுனு விட்டுடறேன், கால் நடுங்குது" என்றாள். சமையலறையில் இரண்டு நாற்காலியைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "குதிகாலத் தரையில ஊனு, முன்பாதத்த மட்டும் மெல்லத் தூக்கு" என்று ஆரம்பித்தேன். முடித்தபோது மணி என்ன என்று தெரியாது.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பி,

நலம், நலம், நலம். நீ கேட்க மறந்ததற்கும் சேர்த்து மூன்று தடவை.

உன் கடிதத்தைப் பச்சைக் கட்டத்தில் படிக்கலாம் என்று எடுத்து வைத்தேன். முடியவில்லை, கோட் நேரத்திலேயே படித்து அழுதுவிட்டேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, பல்வலி என்று நினைத்துக்கொண்டு மாத்திரை கொண்டுவந்தார்.

உன்னையே திட்டிக்கொண்டு உட்காராதே, அதுவும் நேரத்தைத் தின்னும். நானும் யோக்கியம் இல்லை. போன வாரம் போனை டப்பாவிலிருந்து எடுத்துக் காதில் இடுக்கிக்கொண்டு தைத்தேன். கோட்டின் இடது பையை வாயோடு சேர்த்துத் தைத்து மூடிவிட்டேன். அரை நாள் பிரித்தேன்.

சரி, ஜூன் ஒன்றாம் தேதி வேலை என்ன ஆகிறது? அதை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். நேரமில்லை, அதனால் சுருக்கமாக.

மேலாளரிடம் போய், பாதி வழித்தடங்களைத்தான் ஜூன் ஒன்றுக்குள் என்னால் ஒழுங்காக முடிக்க முடியும், மீதியைப் பக்கத்து மேசைக்காரர் பார்க்கட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிரிவுத் தலைவர் பதவி பக்கத்து மேசைக்காரருக்குப் போய்விட்டது. நல்ல மனிதர், கெட்டிக்காரர். முதல் இரண்டு நாள் மனது வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

தினமும் விடிந்ததும் காரின் உறையை எடுக்கிறோம். எல்லா பஸ்களும் கிளம்பிப் போனபின் டெப்போ மைதானம் காலியாகக் கிடக்கும், அங்கே சுற்றுகிறாள். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரிடம் போவதையும் அவள் நிறுத்தவில்லை. நான் சொல்வது ஒன்று, அவர் சொல்வது ஒன்று என்று நடுவில் எங்களைக் கிண்டல் செய்கிறாள். பின்னால் எடுக்கும்போது சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் பல்லைக் கடித்தால் நிறுத்திவிடுவாளாம், அதுதான் அவளுடைய கண்ணாடி. சுற்றும்போது பேசுகிறாள் அக்கா! "சொல்லு" என்று நான் கேட்பதே இல்லை. அந்த ஊரில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று நேற்று சொன்னாள், மூன்றாவது கியருக்கு மாற்றும்போது.

கூப்பிடுகிறாள், கிளம்புகிறேன்.

தம்பி

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமா? இங்கே மூவரும் நலம். டெஸ்டில் பாஸ். சிக்னலில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கோட் தயார் என்று எழுதியிருந்தீர்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். வரும் சனிக்கிழமை மூவரும் காரில் வந்து வாங்கிக்கொள்கிறோம். நான் இடது பக்கமோ வலது பக்கமோ, எந்தப் பக்கம் ஸ்டீயரிங் இல்லையோ அந்தப் பக்கம் உட்கார்ந்து வருவேன். கை நீளம் சரியாக இருக்கிறதா என்று இந்தத் தடவை நானே பார்க்க வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஐந்து நிமிடம். நேரம் போட்டவன் நான்தான். காரில் எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்று எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். தெரியவில்லை அக்கா. எங்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள். எங்கெல்லாம் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறதோ அங்கெல்லாம் நின்று வருவோம்.

தம்பி

அத்தை, வழியில் என்ஜின் நின்றுபோனால் அதையும் நிற்கும் நேரத்தில் சேர்த்துக்கொள்வதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். — பொடிசு